நிறுவனங்களின் பொறுப்பு அறிக்கையில் சாதி எங்கே?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் ஆண்டுதோறும் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நீடித்தநிலை அறிக்கை’யை வெளியிட வேண்டும் என்பது செபியின் கட்டளை. ஆலை எத்தனை கிலோலிட்டர் நீரை எடுத்தது, அதில் நிலத்தடி நீர் எவ்வளவு, எத்தனை டன் கழிவு உண்டானது என்பதற்கெல்லாம் அந்தப் படிவத்தில் கட்டங்கள் உண்டு. தொழிலாளர்களில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்பதற்கும் உண்டு. சாதிவாரி எண்ணிக்கையைக் கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. பணியிடப் பாகுபாடு குறித்து எத்தனை புகார்கள் வந்தன என்று ஒரு வரி கேட்கிறது. எந்தப் பாகுபாடு என்று அது கேட்பதில்லை. அங்கே சுழியம் என்று எழுதிவிட்டால் அத்துடன் அந்தக் கேள்வி முடிந்துவிடுகிறது.

இது படிவம் தயாரித்தவர்களின் மறதி என்று நாம் எடுத்துக்கொள்ள இயலாது. ஓர் ஆலையின் சுற்றுச்சூழல் கேடு யார் குடிக்கும் கிணற்றில் இறங்குகிறது, அதன் சமூகக் கேடு யார் உடல்மீது விழுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த நாட்டில் சாதியைத் தவிர்த்து விடை சொல்ல முடியாது. அதற்குத் திண்டுக்கல் மாவட்டம் ஒன்றே போதிய சான்று.

முதலில் நீர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவர் எவரும் படித்திருப்பர். ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானது என்று அதில் பதிவாகியுள்ளது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஆய்வு செய்யப்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததையும் அதே தீர்ப்பு குறிப்பிடுகிறது.

அந்த 350 கிணறுகளில் ஊர்த்தெருக் கிணறுகள் எத்தனை, சேரிக் கிணறுகள் எத்தனை? தீர்ப்பில் அந்தக் கணக்கு இல்லை. வயற்கிணறு கெட்ட நிலவுடைமையாளருக்குப் பட்டா இருக்கிறது. விளைச்சல் இழப்பைக் கணக்கிட்டு இழப்பீடு கோர வழியும் இருக்கிறது. அதே வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு எந்த ஆவணமும் இல்லை. அவர் இழந்தது வேலைநாட்களையும் குடிநீரையும். நிலத்தின் பெயரில் இழப்பை அளக்கும்வரை, நிலம் மறுக்கப்பட்ட மக்களின் இழப்பு பட்டியலுக்குள் வரவே வராது.

நமது சட்டம் இதை அறியாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x) பிரிவு, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுத்துப் பயன்பாட்டுக்குத் தகுதி குறையச் செய்வதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 2015 திருத்தத்துக்கு முன்பும் வேறு எண்ணில் இதே பிரிவு இருந்தது. சேரிக் கிணற்றில் மலத்தைக் கொட்டும் ஊர்க்காரரை மனத்தில் வைத்தே எல்லோரும் இப்பிரிவைப் படிக்கிறார்கள். குழாய் வழியே சாயக்கழிவைக் கொட்டும் ஆலைக்கு இது ஏன் பொருந்தாது? இக்கேள்வியுடன் எங்களில் சிலர் காவல் நிலையம் சென்றபோது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும்படி அனுப்பப்பட்டோம். வாரியத்தில், சாதி விவகாரம் தங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள்.

சட்டச் சிக்கல் எதுவும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனங்கள் இழைக்கும் குற்றங்களுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்திலும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. ஆயினும் குற்றவியல் சட்டத்தில் ‘நபர்’ என்னும் சொல் நிறுவனத்தையும் உள்ளடக்கும். சிறைத்தண்டனை கட்டாயமான குற்றத்திலும் நிறுவனத்தின்மீது வழக்கு நடத்தி அபராதம் விதிக்கலாம் என்று ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வழக்கில் 2005இல் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. ‘பட்டியல் சாதியினர் அல்லாத எவரும்’ என்பதே 3(1) பிரிவின் தொடக்கம். சாதிச் சான்றிதழ் எதுவும் இல்லாத நிறுவனம் அந்த ‘எவரும்’ என்பதற்குள் வராது என்று வாதிடும் வழக்கறிஞரை எதிர்கொள்ள நாங்கள் ஆவலாகவே இருக்கிறோம். 2024 திருத்தத்தின் மூலம் ஒன்றிய அரசு நீர்ச் சட்டத்தின் சிறைத்தண்டனைகள் பலவற்றை நீக்கிப் பண அபராதமாக மாற்றியுள்ள சூழலில் இந்தப் பிரிவின் தேவை கூடியிருக்கிறது.

அடுத்து உடல். 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அத்தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அப்பெண்ணின் பெயரை நாம் இங்கு எழுதவில்லை. அங்கே பாலியல் துன்புறுத்தல் நெடுநாளாகத் தொடர்ந்தது என்று சக பெண் தொழிலாளர்கள் பத்திரிகைகளிடம் கூறினர். ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த அந்தத் தொழிற்சாலை, எச் அண்ட் எம் உள்ளிட்ட உலக நிறுவனங்களுக்கு ஆடை தைத்துக் கொடுத்து வந்தது. இத்தகைய நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஒழுக்க விதிகளும் சமூகத் தணிக்கையும் உண்டு. தணிக்கையாளர் வரும் நாளில் மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பாள்?

அதன் பின் நடந்தது நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. தலித் பெண்களைப் பெரும்பான்மை உறுப்பினராகக் கொண்ட, பெண்களே தலைமை ஏற்றுள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குத் துணைநின்று ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனம் அச்சங்கத்துடனும், துணைநின்ற ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளுடனும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகியவையும் தனித்தனியே ஒப்பந்தங்களால் அதற்குக் கட்டுப்பட்டன. ‘திண்டுக்கல் உடன்படிக்கை’ என்று உலகத் தொழிற்சங்க வட்டாரங்களில் இது அறியப்படுகிறது. கையெழுத்தானபோது அதன் வரம்புக்குள் 5000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தனர்.

பொறுப்பு அறிக்கையிலிருந்து இந்த ஆவணம் அடிப்படையிலேயே வேறுபடுகிறது. பாலினம், புலம்பெயர்வு ஆகியவற்றோடு சாதியின் பெயரையும் சொல்லி அது பாகுபாட்டைத் தடைசெய்கிறது. கண்காணிப்பவர் வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர் அல்லர். சங்கத்திடம் பயிற்சி பெற்ற தொழிலாளர்களே தையல் தளத்தில் கண்காணிக்கிறார்கள். நிறுவனம் உடன்படிக்கையை மீறினால் அதன் வணிகத்தைப் பாதிக்கும் நடவடிக்கையை வாங்குவோர் எடுத்தாக வேண்டும். முதல் ஆண்டில் 185 குறைகள் எழுப்பப்பட்டன. அவற்றில் 98 விழுக்காடு தீர்க்கப்பட்டன. அறிக்கைகளை வாசித்துப் பழகியவர்களுக்கு 185 என்பது கெட்ட செய்தியாகத் தெரியலாம். எங்களுக்கு அது 185 முறை அச்சம் விலகியதன் பதிவு.

அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு ஐயத்தின் பேரில், 2022 சூலை 29 அன்று நாச்சி அப்பேரல் ஆடைகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே விலக்கிக்கொண்டது. அவ்வளவு விரைவில் தடை நீங்கக் காரணம், உடன்படிக்கையின்கீழ் நடந்த மாற்றங்களுக்குச் சான்று இருந்ததுதான். ஆலை மூடப்படவில்லை, பெண்களின் வேலையும் போகவில்லை.

அப்படியானால் செபியின் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் சேர்த்தால் போதுமா? தொழிற்சாலைத் தளத்தில் சாதியைக் கேட்பது தொழிலாளியையே ஆபத்தில் தள்ளும் என்று நம் தோழர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. சாதியை மறைத்து வாடகை வீட்டில் வாழும் பெண்ணிடம் மேற்பார்வையாளர் படிவத்தை நீட்டக் கூடாது. தாமாக முன்வந்து தெரிவிப்பது, தனிநபர் விவரம் மேலாளர் கைக்குப் போகாமல் மொத்த எண்ணாக மட்டும் வெளியாவது, சங்கமோ தற்சார்பான அமைப்போ திரட்டுவது என்ற நிபந்தனைகளோடுதான் நாம் கேட்கிறோம். யார் எந்த வேலையில் என்ற பிரிவும் அதில் வேண்டும். கழிவுத் தொட்டியைக் கழுவுபவர், சாயப்பட்டறைத் தொழிலாளி, மேற்பார்வையாளர், மேலாளர் என்று தனித்தனியே. தொழில் கூட்டமைப்புகள் இதற்கு இணங்காது என்பது நமக்குத் தெரியும். 2006 வாக்கில் தனியார் துறை இடஒதுக்கீட்டுப் பேச்சு எழுந்தபோதும், சட்டம் வேண்டாம், தாமாகவே செய்வோம் என்றுதான் அவை சொல்லின.

மேலும், நம் மாவட்டங்களில் உள்ள நூற்பாலைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் பல தனியார் வரையறு நிறுவனங்கள். அந்த 1000இல் அவை வரவே வரா. அவற்றைப் பற்றி நாம் பெறக்கூடியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. எவ்வளவு கழிவுநீர், எங்கே வெளியேற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். கல்லூரித் தோழர்கள் தம் ஊருக்கு அருகிலுள்ள ஓர் ஆலைக்கேனும் இதைக் கேட்டுப் பெற்று, அந்த வெளியேற்ற இடத்தையும் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்க் கிணற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கிணற்று நீரின் ஆய்வு முடிவும் உடன் இருக்குமானால், 3(1)(x) பிரிவில் முதல் புகாரை எழுத நாங்கள் அணியமாக இருக்கிறோம்.