கவனக்குறைவு யாருடையது?

லித்தியம் அயனி பேட்டரி எரிந்து உயிர் போகும் ஒவ்வொரு முறையும் பழி ஆயத்தமாகக் காத்திருக்கிறது: பயன்படுத்தியவரின் கவனக்குறைவு. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தின் மின் ஸ்கூட்டர் காட்சியகம் ஒன்றில் பற்றிய தீயின் புகை, மேல்தளங்களில் இருந்த தங்கும் விடுதிக்குள் ஏறி 8 பேரைக் கொன்றது. அவ்வாண்டின் தொடர் தீவிபத்துகளுக்குப் பிறகே ஏஐஎஸ் 156 தரவிதிகள் இறுக்கப்பட்டு, டிசம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கலத்தையும் சார்ஜரையும் பேட்டரி மேலாண்மை அமைப்பையும் திருத்த வேண்டியிருந்தது என்பதே, குற்றம் பயனருடையது மட்டுமன்று என்பதற்கு அரசே அளித்த சான்று.

கருவி திருத்தப்பட்டது. அதைப் பற்றிய அறிவு மக்களைச் சேர்ந்ததா?

தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ‘பேட்டரி’ என்பது ஒரே சொல். அச்சொல்லுக்குள் மூன்று வேதியியல்கள் ஒளிந்திருக்கின்றன. இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். வெறுமையாக விட்டால் கெடும். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியை அவ்வப்போது முழுவதும் தீர்க்கச் சொன்னார்கள். லித்தியம் அயனிக்கு இவ்விரண்டும் பகை. முழு மின்னேற்றத்தோடு வெப்பத்தில் கிடந்தால் அது விரைந்து மூப்படையும். அடியோடு தீர்ந்து நெடுநாள் கிடந்தாலும் பழுதாகும். மக்கள் அறியாமையில் இல்லை. முந்தைய பேட்டரியின் அறிவை, அதே பெயர் கொண்ட புதியதன்மேல் நேர்மையாகப் பொருத்துகிறார்கள்.

‘உரிய சார்ஜரையே பயன்படுத்துக’ என்ற எச்சரிக்கை வணிகத் தந்திரமாகவே பலருக்குத் தோன்றுகிறது. காரணம் சொல்லப்படாததே அதற்குக் காரணம். நிக்கல், கோபால்ட் வகைக் கலத்தின் வழக்கமான மேல்வரம்பு 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65. முன்னதன் சார்ஜரைப் பின்னதில் செருகினால் என்ன நேரும் என்பதை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம்.

ஆனால் எந்த மொழியில்? 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. விலைக்கும் எடைக்கும் வகுத்த அந்த இலக்கணத்தையே உயிர்காக்கும் எச்சரிக்கைகளும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளை வைத்திருக்கும் நாட்டில், படிக்க இயலாத தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் படிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டுவது அறமன்று.

தாய்மொழியில் அச்சிட்டாலும் யார் படிப்பார்கள் என்று கேட்போர் உண்டு. சொல்ல வேண்டியவை சிலவே. ஓட்டி வந்த சூட்டோடு மின்னேற்ற வேண்டாம், ஆறட்டும். வெளியேறும் ஒரே வாசலருகிலோ மாடிப்படியின் கீழோ வைத்து ஏற்ற வேண்டாம். தலையணை, மெத்தைமேல் வேண்டாம். உப்பிய பேட்டரியை அழுத்தவோ துளைக்கவோ மீண்டும் ஏற்றவோ கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. புகை கிளம்பினால் அது நச்சு. பொருளை விட்டுவிட்டு ஆட்களோடு வெளியேறி, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் இதற்குப் போதும்.

அறிவியல் தமிழ் குறித்துக் கருத்தரங்கு நடத்தும் துறைகளும், பிற மாநிலங்களின் மொழித்துறைகளும் இந்த ஒரு பக்கத்தை எழுதித் தர இயலாதா? வேதியியல் துறை பெரும்பாலும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. எழுதப்பட்டதை வாங்குபவரின் மொழியில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை ‘பயனரின் கவனக்குறைவு’ என்று எழுதுவோர், எந்த மொழியில் எச்சரித்தோம் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.