திறப்பு விழாவும் திருகாணியும்

நம்முடைய ஜனங்களுக்கு விழா என்றால் உயிர். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு யந்திரம் வந்து சேருவதைக்கூட நாம் கல்யாணமாக்கி விடுகிறோம். மாலை உண்டு, ரிப்பன் உண்டு, கத்தரிக்கோல் உண்டு, மறுநாள் பத்திரிகையில் படமும் உண்டு. அந்த யந்திரத்துக்குத் தூசி தட்டுவது யார், அதன் ரப்பர் வளையம் தேய்ந்து போனால் புது வளையத்துக்கு எழுதிப் போடுவது யார் என்று கேளுங்கள்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்துவிட்டுக் குடித்தனத்துக்கு அரிசி வாங்க மறந்துபோனவர்கள் நாம்.

இந்தக் குற்றச்சாட்டைத் தேசம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் விருதுநகர் ஜில்லாவை வைத்துப் பேசுவதுதான் நியாயம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆஸ்பத்திரி யந்திரம் ஒன்று நின்றுபோனால், அந்த நஷ்டத்தை ரூபாயில் எழுத முடியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2023 அக்டோபர் 17-ஆம் தேதி ஒரே நாளில் ரெங்கபாளையமும் கிச்சநாயக்கன்பட்டியும். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. ஊர்ப்பெயர்தான் மாறுகிறது. அழுகை ஒன்றுதான்.

"முதலில் ஆலைகளில் விபத்து நடக்காமல் பாருங்கள், ஆஸ்பத்திரியைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஆலைகளைத் திருத்த வேண்டியதுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் வெடி வெடித்த பிறகு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரப்படுகிற பெண்ணிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள்!

தீக்காயம் மற்றக் காயங்களைப் போன்றதல்ல. தோல் என்பது உடம்பின் கோட்டைச் சுவர். அது வெந்துபோனால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறுகிறது; வெளியே இருக்கும் கிருமி உள்ளே நுழைகிறது; உடம்பின் சூடும் குறைந்துபோகிறது. புகையை விழுங்கியவனுக்குச் சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சே அடைபட்டுப் போகலாம். ஆகவே, சொட்டுச் சொட்டாக நீர் ஏற்றும் பம்பு, செயற்கைச் சுவாசக் கருவி, ஆக்ஸிஜன் குழாய், சுத்தமான குளிர்காற்று, கத்தியையும் துணியையும் நீராவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவ், இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருகிற ஜெனரேட்டர் ஆகிய எல்லாம் ஒரே சமயத்தில் ஓட வேண்டும். ஆட்டோகிளேவின் கதவு வளையம் தளர்ந்து நீராவி கசிந்தால் உள்ளே 121 டிகிரி நிற்காது, கிருமி சாகாது. டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன? ஒரு ரப்பர் வளையம் அவரைத் தோற்கடித்துவிடும்.

சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. 2022 ஜனவரி 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட பதினொரு புதிய மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. காமராஜர் பிறந்த ஊருக்கு அது கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷந்தான். மிகவும் மோசமாக வெந்தவர்களை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் வழக்கம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் 2019 மே 7-ஆம் தேதி மாலை என்ன நடந்தது? மழை பெய்தது, மின்சாரம் போயிற்று, ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். மின்தடையால் இறந்தார்கள் என்று உறவினர் கதறினார்கள். இல்லை, நோய் முற்றியதால் இறந்தார்கள் என்று நிர்வாகம் சொல்லிற்று. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஜெனரேட்டர் என்பது மின்சாரம் போகும்போது ஓடுவதற்காகவே பிறந்த யந்திரம் அல்லவா? அது அன்றைக்கு ஓடாவிட்டால் என்றைக்கு ஓடி யாருக்கு லாபம்?

தேசத்தின் கணக்கும் கௌரவமாக இல்லை. 2015-ல் மத்திய சர்க்கார் மருத்துவ யந்திரப் பராமரிப்புக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. அதற்காக 29 மாநிலங்களில் கணக்கெடுத்தபோது, ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளில் மாநிலத்துக்கு மாநிலம் நூற்றுக்கு 13 முதல் 34 வரை வேலை செய்யாமல் கிடந்தன. கணக்கெடுத்தது நல்ல காரியம். பெரிய ஆஸ்பத்திரிகளில் யந்திரங்கள் 95 சதவிகிதக் காலம் ஓட வேண்டும் என்று விதித்ததும் நல்ல காரியமே. ஆனால் அந்த 95-ஐச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வருஷத்தில் 18 நாள் யந்திரம் படுத்துக்கிடக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பதினெட்டில் ஒன்று தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வந்தால்? சராசரி பார்த்து வெடிக்கிற பட்டாசு எங்கே இருக்கிறது?

சமாதானம் சொல்லுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. "கம்பெனி ஆள் வரவில்லை" என்பார்கள். கம்பெனி ஆள் வருகிற வரையில் சோற்றை உண்ணாமல் இருப்பார்களா? "பணமில்லை" என்பார்கள். யந்திரம் வாங்கப் பணம் இருந்ததே! ஆனை வாங்குகிறவன் தீனிக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவான். வாங்குகிற விலையில் நூற்றுக்கு ஐந்து போல வருஷந்தோறும் பராமரிப்புக்கு ஒதுக்க முடியாதென்றால், அந்த யந்திரத்தை வாங்காமல் இருப்பதே யோக்கியம். "டாக்டர் பார்த்துக்கொள்ளுவார்" என்பது எல்லாவற்றையும்விட மோசமான சமாதானம். நாடி பிடிக்கப் படித்தவரை ஸ்பானர் பிடிக்கச் சொல்லுவது என்ன நியாயம்?

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தையை சிவகாசிக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த ஊர் இது. அச்சகத்தில் ரோலரைத் துடைக்காமல் தொழிலாளி வீட்டுக்குப் போனால் மறுநாள் முதலாளியிடம் பேச்சு வாங்குவான். ஒழுங்கான பட்டாசு ஆலையில் கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மீதி வைத்தால் மறுநாள் காலையில் எமன் காத்திருப்பான். உள்ளே நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்க வேண்டும். இப்படித் தினசரி ஜாக்கிரதையாலே பிழைக்கிற ஜனங்களுக்கு, ஜாக்கிரதை இல்லாத ஆஸ்பத்திரியைக் கொடுப்பது அநியாயம் இல்லையா?

மருந்து விஷயத்தில் நமது மாநிலம் வழி காட்டியிருக்கிறது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, ஜில்லாக் கிடங்குகளில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பாஸ்புத்தகம் போட்டு வழங்கி வருகிறது. மாத்திரைக்குப் புத்தகம் போடத் தெரிந்த நமக்கு, யந்திரத்தின் கழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிடத் தெரியாதா? என்றைக்கு வந்தது, என்றைக்குப் பழுதானது, யார் பார்த்தார், எத்தனை நாள் நின்றது என்று அதில் எழுதியிருக்கட்டும். அதை நோயாளியின் உறவினரும் புரட்டிப் பார்க்கட்டும்.

எல்லா யந்திரத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். நின்றால் உயிர் போகும் என்பவை ஒரு பட்டியல். நின்றால் வேலை தாமதமாகும் என்பவை இன்னொரு பட்டியல். முதல் பட்டியலுக்கு மாற்று யந்திரமும் உதிரி உறுப்பும் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டரை வாரம் ஒரு நாள் வெறுமனே உறுமவிட்டு நிறுத்தாமல், வார்டின் பாரத்தை அதன் தலையில் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும்போதே தீக்காயப் பிரிவின் பெரிய மராமத்துகளை முடித்துவிட வேண்டும். இவ்வளவுக்கும் மேலாக, யந்திரங்களுக்குப் பொறுப்பான ஒரு என்ஜினீயர் வேண்டும். டாக்டருக்குக் கொடுக்கிற மரியாதையை அவருக்கும் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மாலை கிடைக்காது. பத்திரிகையில் படமும் வராது. திருகாணியை முடுக்குகிறவனுக்கு எந்த ஊரில் விழா எடுத்திருக்கிறார்கள்? ஆனாலும் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டு வைப்போம்: "ஐயா, போன தடவை திறந்தீர்களே, அது இப்போது ஓடுகிறதா?"