சீப்பு உங்கள் கையில்!



நத்தத்திலிருந்து மதுரைக்குக் கொண்டு போய், காசு கொடுத்து, பூனையைக் குளிப்பாட்டி, முடி வாரிவிட வேண்டுமா? நாட்டுப் பூனைக்கு அது தேவையில்லை. அதன் நாக்கில், பின்னோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான முட்கள் உள்ளன. அதுவே அதன் சீப்பு. வாரம் ஒருமுறை நீங்களும் வாரிவிட்டால், உதிர்ந்த முடி வயிற்றுக்குள் போவது குறையும்.

நீள முடியுள்ள பெர்ஷியன் பூனைக்கு, தினமும் வார வேண்டும். முடி சிக்குப் பிடித்து இறுகிவிட்டால், கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். மெல்லிய தோல் வெட்டுப்படும். அப்போது, பயிற்சி பெற்றவருக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை.

நாய்க்கான உண்ணி மருந்தை, பூனைக்குத் தடவவே கூடாது. அதில், 'பெர்மெத்ரின்' இருந்தால், பூனையின் உயிரே போகலாம். கால்நடை மருத்துவரிடம் கேட்டே மருந்து போடுங்கள்.

காயமோ, கட்டியோ, தினமும் தடவிக் கொடுக்கும் உங்கள் விரலுக்குத் தான் முதலில் தெரியும். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது!