பேரோந்தியும் 11 மாத ஒப்பந்தமும்

“அக்கா, அடுத்த வாரம் ரூமைக் காலி பண்றேன். இத நீங்க வச்சுக்கிறீங்களா? இல்லன்னா கரும்புக் காட்டுல விட்டுர்றேன்.”

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஒப்பந்தப் பணியிலிருக்கும் திண்டுக்கல் இளைஞர் ஒருவர் கூறியது இது. அங்குள்ள தமிழ்த் தொழிலாளர்களின் பேச்சைப் பதிவுசெய்யச் சென்றிருந்தேன். ‘இத’ என அவர் சுட்டியது ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ள ஓர் இகுவானா. கீழ்த்தாடை வீங்கியிருந்தது, பின்னங்கால்கள் உடலைத் தாங்கவில்லை. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கியதாம். ‘பச்சை உடும்பு, கீரை போட்டால் போதும்’ என்று விற்றவர் சொன்னாராம்.

மொழியியல் பயின்றவள் என்பதால் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். அது உடும்பு அன்று. தமிழில் வழங்கும் ‘பேரோந்தி’ என்னும் சொல்லே பொருத்தம்: ஓந்தி என்றால் ஓணான், இகுவானாவுக்கு நெருங்கிய உறவும் ஓணானே. நம் உடும்பு, மராத்தியில் கோர்பட், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதற்குத் தண்டனை 3 முதல் 7 ஆண்டுச் சிறை. (தானாஜியின் வீரர்கள் உடும்பின் துணையோடு சிங்ககட் கோட்டையேறிய கதையைச் சொல்லி, உடும்பு வளர்ப்பது மரபு என்று வாதிடுவோரையும் இங்குக் கண்டேன். அவர்களுக்கு விடை சொல்ல எனக்குப் பொறுமையில்லை.)

பேரோந்தியின் நிலை வேறு. அது நடு, தென் அமெரிக்காவின் உயிர். அதை வைத்திருப்போர், 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படியும் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படியும், பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்போர் இந்தச் சான்றிதழையே விளம்பரமாக்குகின்றனர். விலங்கு யாரிடம் இருக்கிறது என்பதை அது சொல்லும். எந்நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. விலங்கைப் போதிய இடமின்றி அடைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். மகாகணபதி கோயில் வாசலில் ஒரு தேங்காய்க்குக் கொடுப்பது!

‘கீரை போட்டால் போதும்’ என்ற பொய்க்கு வருவோம். அவர் நாள்தோறும் போட்டது மலிவாகக் கிடைக்கும் பாலக். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடலில் சேரவிடாது. கால்சியம் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்குப் புறஊதா-பி கதிர் வேண்டும். சன்னலோரம் வெயிலில்தான் வைத்திருந்தேன் என்றார் அவர். கண்ணாடி அக்கதிரை உள்ளே விடாது என்பதை அவரிடம் யார் சொன்னார்கள்? அதற்கென விற்கும் விளக்கும், ஒளி மங்காமலே கதிரை இழந்துவிடும். காலந்தோறும் மாற்ற வேண்டும். இவை இல்லாதபோது உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தாடை அப்படி மென்மையானதுதான். குளிர்காய அதற்கு 35 பாகை செல்சியசு அளவில் ஓரிடம் தேவை. மார்கழி இரவுகளில் இப்பகுதியில் வெப்பம் 10 பாகையை நெருங்குகிறது. வளர்ந்தால் 1.5 மீட்டரைத் தாண்டும். 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும். அவருடைய அறை வாடகை ஒப்பந்தமோ 11 மாதம். வேலை ஒப்பந்தமும் அவ்வளவே.

‘தொழிலாளிக்குச் செல்லப்பிராணி கூடாதா?’ என்று நண்பர் ஒருவர் சினந்தார். நியாயமான சினம். என் குற்றச்சாட்டு அவர்மீது அன்று. புணேயின் அடுக்ககங்களில் இதைப் படம்பிடித்துக் காட்டுவோரும் இதே கண்ணாடிப் பெட்டியில்தான் அடைக்கின்றனர். அந்த இளைஞர் தனிமையில் இருந்தார். ஓர் உயிர் வேண்டியிருந்தது. அத்தனிமையை விலைபேசியவரைத்தான் கேட்கிறேன்.

கரும்புக் காட்டில் விட்டால்? பெரும்பாலும் குளிரிலோ நாய் வாயிலோ இறக்கும். பிழைத்துப் பெருகினால் இன்னும் கேடு. புளோரிடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்தவை தப்பியும் விடப்பட்டும் பெருகின. 2021இல் அம்மாநிலம் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. கிராண்ட் கேமன் தீவில் 2018இல் தொடங்கிய ஒழிப்பில் 10 லட்சத்துக்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன.

நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. விடுதி அறையில் இரக்கப்பட்டு ஏற்றிருந்தால் அவர் செய்ததையே நானும் செய்திருப்பேன். பதிவும் இல்லை, ரசீதும் இல்லை. துண்டில் சுற்றி, இருவருமாகக் கால்நடை மருத்துவரிடமும் பின்னர் வனத்துறையிடமும் கொண்டுசென்றோம். கால் நேராகாது என்றார் மருத்துவர். வழியில் விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தோம். விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்.

‘சட்டப்படிதான் விற்கிறோம்’ என்று என் முந்தைய பதிவின்கீழ் எழுதிய வணிகர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே: வாங்கியவரால் வைத்திருக்க இயலாதபோது, அவ்விலங்கை நீங்களே திரும்பப் பெற்றுப் பேணுவீர்கள் என்று ரசீதில் எழுதித் தருவீர்களா?