பேக்ட்ரேஸை யார் சோதிப்பது?

டீபகரில் வேலை செய்பவர்களிடையே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பேக்ட்ரேஸ், அப், டவுன், ஃபினிஷ் போன்ற ஸ்டாக் ஃப்ரேம் கட்டளைகளுக்குத் தானியங்கி டெஸ்ட் எழுதுவது வீண் வேலை என்பார்கள். ஸ்டாக் மெமரியில் அப்படியே கிடக்கிறது, டீபகர் அதை எடுத்துக் காட்டுகிறது, சின்னதாக ஒரு சி புரோகிராமை ஓட்டிக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் தீர்ந்தது என்பது அவர்கள் வாதம். இது அடியோடு தவறு. இதை நம்பி எழுதாமல் விட்ட டெஸ்டுகளுக்கான விலையை, டீபகர் காட்டியதை நம்பித் தவறான ஃபங்ஷனைக் குடைந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவர் கொடுக்கிறார்.

மெமரியில் ஃப்ரேம்களின் பட்டியல் என்று எதுவும் கிடையாது. அங்கே இருப்பவை வெறும் பைட்டுகள். அவற்றில் எது ரிட்டர்ன் அட்ரஸ், எந்த ரெஜிஸ்டர் எங்கே சேமிக்கப்பட்டது என்பதையெல்லாம் கம்பைலர் எழுதிவைத்த ட்வார்ஃப் தகவலைக் கொண்டு டீபகர் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. 64 பிட் எக்ஸ்86இல் ஆப்டிமைசேஷனை இயக்கினாலே ஜிசிசி கம்பைலர் வழக்கமாக ஃப்ரேம் பாயிண்டரைக் கைவிட்டுவிடும். இன்லைன் ஆன ஃபங்ஷனுக்கு ஸ்டாக்கில் தனி இடமே இல்லை. ஆனாலும் ஜிடிபி என்ற டீபகர் அதற்கொரு ஃப்ரேமைக் காட்டியாக வேண்டும். டெயில் கால் என்றால் அழைத்த ஃபங்ஷனின் சுவடே ஸ்டாக்கில் இருக்காது.

கணக்கு பிசகும் ஓர் இடத்தைப் பார்ப்போம். ஒரு ஃபங்ஷன் தன் கடைசி வரியில் அபார்ட்டை அழைக்கிறது. அபார்ட் திரும்பி வராது என்று கம்பைலருக்குத் தெரியும். ஆகவே அந்த அழைப்புக்குப் பின் அது எதையும் எழுதாமல் விடலாம். அப்போது ஸ்டாக்கில் பதிவாகும் ரிட்டர்ன் அட்ரஸ், அடுத்து வரும் வேறொரு ஃபங்ஷனின் முதல் பைட்டாகவே அமைந்துவிடக்கூடும். அதை அப்படியே தேடும் டீபகர், சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனின் பெயரைக் கூசாமல் அச்சிடும். அதனால்தான் ஜிடிபி அந்த அட்ரஸில் ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடுகிறது. அப்படியானால் எல்லா ஃப்ரேமிலும் கழித்துவிடலாமா? கூடாது. ஒரு ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே சிக்னல் வந்து குறுக்கிட்டால், 0ஆவது ஃப்ரேம் சிக்னல் ஹேண்ட்லர், 1ஆவது சிக்னலுக்கான ஃப்ரேம், 2ஆவது குறுக்கிடப்பட்ட ஃபங்ஷன். அந்த 2ஆவது ஃப்ரேமில் இருப்பது ரிட்டர்ன் அட்ரஸ் அல்ல, புரோகிராம் நின்ற இடமே. அங்கே ஒன்றைக் கழித்தால் முந்தைய ஃபங்ஷனுக்குள் போய் விழுவோம். ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றதைக் கெடுப்பது இங்கே மிக எளிது. இரண்டுக்கும் டெஸ்ட் இருந்தால்தான் அது உடனே தெரியும். ஒரு தடவை கண்ணால் பார்ப்பவரின் சின்ன சி புரோகிராமில் இந்த இரண்டும் எட்டிக்கூடப் பார்க்காது.

டெஸ்ட் எழுதுகிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஜிடிபியின் டெஸ்ட் தொகுப்பு டெஜாக்னூ என்ற டெஸ்ட் சட்டகத்தைக் கொண்டு டிசிஎல் மொழியில் எழுதப்படுவது. டீபகர் அச்சிடும் வரியை ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு ஒப்பிடுவது அதன் வழக்கம். அப் கொடுத்து, வந்த வரியில் எண் 1உம் மெயின் என்ற பெயரும் இருந்தால் பாஸ் போட்டுவிடுகிறார்கள். போதாது. அழைத்த ஃபங்ஷன் ஒரு வேரியபிளை ஆர்பிஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். அழைக்கப்பட்ட ஃபங்ஷன் அதை ஸ்டாக்கில் சேமித்துவிட்டு, அதே ரெஜிஸ்டரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அப் கொடுத்த பிறகு பிரிண்ட் காட்ட வேண்டியது சேமித்துவைத்த மதிப்பை. ரெஜிஸ்டரில் இப்போது இருப்பதைக் காட்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் தவறாக வரும். அப் அச்சிட்ட வரியோ அச்சுப் பிசகாமல் சரியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெவ்வேறு மதிப்பை வைத்து, அப்புக்குப் பின் அதைக் கேட்டுச் சரிபார்க்காத டெஸ்டை நான் டெஸ்டாகவே எண்ணுவதில்லை.

எதிர்த்தரப்பின் ஒரு புகார் நியாயமானது: இத்தகைய டெஸ்டுகள் அற்ப மாற்றத்துக்கெல்லாம் உடைகின்றன. உடைவதற்குக் காரணம் அட்ரஸையும் வரி எண்ணையும் டெஸ்டுக்குள் பொறித்துவைப்பதுதான். சோர்ஸ் ஃபைலில் ஒரு கமெண்டை அடையாளமாக வைத்து வரி எண்ணைத் தேடி எடுக்கும் வசதி ஜிடிபியின் தொகுப்பிலேயே இருக்கிறது. எல்எல்டிபி என்ற டீபகரில் அச்சான உரையைத் தொடவே வேண்டாம். ஃபங்ஷனின் பெயரையும் வரியையும் பைதான் வழியாக ஃப்ரேமிடமே கேட்கலாம். கம்பைலர் மாறினாலும் அசையக் கூடாத டெஸ்டுக்கு, புரோகிராமையே அசெம்பிளியில் எழுதிவிடலாம்.

ஒரே புரோகிராமை ஆப்டிமைசேஷனோடும் இல்லாமலும், ஃப்ரேம் பாயிண்டரோடும் இல்லாமலும் கம்பைல் செய்து ஓட்டுங்கள். வேண்டுமென்றே கெடுத்த ஸ்டாக்கில் பேக்ட்ரேஸ் முடிவில்லாமல் ஓடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இன்று தோற்கிற டெஸ்டை அழிக்காதீர்கள். பிழை எண்ணோடு கேஃபெயில், அதாவது தெரிந்த தோல்வி, என்று குறித்துவையுங்கள். என்றைக்கு அது சரியாகிறதோ, அன்றைய ஓட்டத்தில் கேபாஸ் என்று தானே வந்து நிற்கும்.