தலையை எண்ணினார்கள், குரலைக் கேட்டார்களா?

அமெரிக்கா என்றதும் ஜனநாயகம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 1787இல் அந்நாட்டின் அரசியலமைப்பு எழுதப்பட்டபோது நடந்த ஒரு பேரத்தைப் புக்கிட் பெலண்டோக் வட்டாரத் தோட்ட மக்கள் அவசியம் அறிய வேண்டும். அது தோட்டத்தை வைத்து நடந்த பேரம்!

வட மாநிலங்கள் கப்பல், வணிகம், கைத்தொழில் என்று வாழ்ந்தன. தென் மாநிலங்கள் புகையிலை, நெல் தோட்டங்களை நம்பியிருந்தன. அங்கு உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள். நாடாளுமன்றத்தில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற சண்டை வந்தது. அடிமைகளைச் சொத்து என்று சந்தையில் விற்ற முதலாளிகள், இடங்களைக் கணக்கிடும்போது மட்டும் அவர்களை மக்கள் என்றார்கள். கடைசியில் 5 அடிமைகளை 3 பேராக எண்ணுவது என்று முடிவானது. அடிமைக்கு வாக்கு கிடையாது. அவன் தலையை எண்ணிக் கிடைத்த நாற்காலியில் அமர்ந்தது தோட்ட முதலாளி. முதல் 5 அதிபர்களில் 4 பேர் வர்ஜீனியாவின் தோட்ட முதலாளிகள். இது தற்செயலா?

இதே கதை நம் இனத்துக்கும் நடந்தது. இலங்கை மலையகத் தமிழர்கள் 1947 தேர்தலில் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது, அடுத்த ஆண்டு வாக்கும் போனது. ஆனால் 75,000 பேருக்கு ஓர் இடம் என்ற கணக்கில் அவர்களின் தலைகள் தொடர்ந்து எண்ணப்பட்டன. அந்த இடங்களுக்கு வாக்களித்தவர்கள் வேறு மக்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. அடையாளப் பத்திரம் இல்லாமல் தவித்தவர்களைத் தவிர, நம்மவர்களுக்கு வாக்கு இருந்தது. ஆனால் வாக்கின் எடை?

1957 அரசியலமைப்பின்படி தொகுதிகளுக்கிடையே வாக்காளர் எண்ணிக்கை 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. 1962 திருத்தம், கிராமத் தொகுதிக்கு நகரத் தொகுதியின் பாதி வாக்காளர்கள் போதும் என்றது. 1973இல் அந்த வரம்பும் நீங்கியது. கிராம மக்களை எட்டுவது சிரமம் என்பது காரணம். நியாயமான காரணம்தான். செம்மண் சாலைக்கு அப்பால் இருந்த நம் லயங்களும் கிராமக் கணக்கில்தானே இருந்தன? ஆனால் சாலை, தண்ணீர், மின்சாரம், நிலம் என்று கிராம மேம்பாட்டு நிதி வந்தபோது, "தோட்டம் தனியார் நிலம்" என்று கைவிரித்தார்கள். வீட்டு வசதியை 1966, 1990 சட்டங்கள் முதலாளியின் தலையில் கட்டின. நில ஒதுக்கீடு பெல்டா குடியேற்றங்களுக்குப் போனது.

பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன. மக்கள் நகர ஓரங்களுக்கு வந்தார்கள். இங்கே தொகுதிகள் பெரிது, வாக்கின் எடை சிறிது. 2022 பொதுத் தேர்தலில் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். சரவாக்கின் இகானில் 30 ஆயிரம்கூட இல்லை. இருவருக்கும் ஓர் உறுப்பினர்தான்! கிராமத்தில் இருந்தபோது நிதி இல்லை, நகரத்துக்கு வந்தால் எடை இல்லை.

தீபகற்பத்தில் தொகுதி எல்லைகள் கடைசியாக 2018இல் திருத்தப்பட்டன. அடுத்த திருத்தத்துக்குக் குறைந்தது 8 ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிறது சட்டம். அதே சட்டத்தின் 13ஆவது அட்டவணைப்படி, ஒரு தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து ஆட்சேபித்தால் தேர்தல் ஆணையம் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். பரிந்துரை வெளியானதும் கிடைக்கும் அவகாசம் ஒரே மாதம்.

2021 டிசம்பர் முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது, அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்து. வெளியேற்ற வழக்குகளுக்கு வருவோரின் அட்டையைப் பார்த்தால், இடித்துத் தள்ளப்பட்ட லயத்தின் முகவரியே இன்னும் இருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள். பிறகு உங்கள் தாமானில் 100 பெயர்களைத் திரட்டுங்கள். ஆலயக் கூட்டத்திலேயே அத்தனை பேர் கிடைப்பார்கள்.