தவணை தவறியவர் யார்?

"தவணைப் பணத்தைக் கட்டாதவனுக்கு வீடு எதற்கு?" என்று கேட்போர் கற்றோரிடையேயும் உளர். ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டான், தவணை தவறினான், வெளியேறட்டும் என்பது அவர்தம் நியாயம். இந்நியாயத்தைச் சிக்காகோ நகரின் மேற்குப் பகுதியான லோண்டேலிலே உரைத்துப் பார்ப்போம்.

1950களிலும் 1960களிலும் அங்கு வீடு வாங்க முனைந்த கறுப்பின மக்களுக்கு வங்கிகளின் கதவு அடைபட்டிருந்தது. 1934இல் அமைந்த கூட்டரசு வீடமைப்பு நிர்வாகம், அவர்கள் வாழ்ந்த பகுதிகளில் ஈட்டுக் கடனுக்கு உத்தரவாதம் வழங்க மறுத்தது. அடைத்த கதவின் வெளியே தரகன் காத்து நின்றான். வெள்ளையரிடம் மலிவாக வாங்கிய வீட்டைப் பன்மடங்கு இலாபத்துடன் மாதத் தவணையில் 'விற்றான்'. கிளைட் ரொஸ் என்பார் 1961இல் 27,500 டொலருக்கு வாங்கிய வீட்டை, விற்றவன் ஆறு மாதங்களுக்கு முன் வெறும் 12,000 டொலருக்கே வாங்கியிருந்தான்!

அது விற்பனையுமன்று. இறுதித் தவணை வரை உறுதி விற்பவன் பெயரிலேயே கிடந்தது. கூரை ஒழுகினாற் செப்பனிடுபவன் யார்? குடியிருப்பவன், அவன் 'சொந்தக்காரன்' அல்லவா! வரி கட்டுபவனும் அவனே. ஆனால் ஒரு தவணை தவறிவிட்டால் அக்கணமே அவன் வாடகைக்காரன். முற்பணமும், ஆண்டாண்டாகக் கட்டிய தவணையும், செப்பனிட்ட செலவும் போயின. இங்கிலாந்திலே 1938ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதற் சட்டம், விலையில் மூன்றிலொரு பங்கு கட்டப்பட்ட பின் நீதிமன்றின் ஆணையின்றிப் பொருளை மீட்கலாகாது என்றது. அங்கே தையல் இயந்திரத்துக்குக் கிடைத்த காவல் லோண்டேலில் ஒரு குடும்பத்தின் கட்டிய பணத்துக்குக் கிடைக்கவில்லை.

தவணை தவறுவது தரகனுக்கு நட்டமன்று. அதுவே அவன் வாணிகம். வெளியேற்றிய வீட்டை அடுத்த குடும்பத்திற்கு மீண்டும் 'விற்றான்'. தவணைக்கு அஞ்சிய கணவனும் மனைவியும் இரவு பகலாக உழைத்தனர், அறைகளை வாடகைக்கு விட்டனர், செப்பனிடுவதைத் தள்ளிப்போட்டனர். வீடுகள் சிதைந்தன. பின்னர் அதே நகரத்துக் கனவான்கள், "இவர்கள் குடியேறினால் அயலே பாழாகிறது" என்றனர். கொள்ளையடித்தவனை விட்டுக் கொள்ளை போனவனின் கந்தலைப் பழிக்கும் இந்த 'நாகரிகம்' நமக்கும் புதிதன்று.

1968இல் ஒப்பந்தக் கொள்வனவாளர் கழகம் எழுந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, வேண்டுமென்றே, தவணையை நிறுத்தின. தனித்துத் தவறினாற் குற்றம். கூடித் தவறினால் அது வேலைநிறுத்தத்தின் தம்பி! 1970இல் காவலர் வீதியிலே எறிந்த தளபாடங்களை அயலவர் மீண்டும் வீட்டினுள்ளே சுமந்து சென்றனர். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன. கூட்டரசு நீதிமன்றிலோ கழகத்தின் வழக்குகள் தோற்றன. பறிபோன செல்வம் முந்நூறு முதல் நானூறு கோடி டொலர் என 2019இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

எனவே தவறியவரை என்செய்வது என்று வினவுமுன், விலை எவ்வாறு நிருணயிக்கப்பட்டது என வினவுக. கட்டிய பணம் வீட்டின் பங்காகக் கணக்கிடப்படவேண்டும். ஈட்டுக் கடனாளிக்குரிய விசாரணையும் அவகாசமும் வேண்டும். வீட்டை விற்றால் மிகுதி அவரைச் சேரவேண்டும். 2008 நெருக்கடியின் பின், வங்கிகள் பறித்த பாழ்வீடுகளை வாரி வாங்கிய முதலீட்டாளர் இதே ஒப்பந்தத்தைத் தூசு தட்டி எடுத்தனர். இலினோய் மாநிலம் 2018இல் நடைமுறையிட்ட சட்டத்தின்படி தவறியவருக்குத் தொண்ணூறு நாள் அவகாசமுண்டு. நன்று. ஆயின் 12,000 டொலர் வீட்டை 27,500க்கு வாங்கியவருக்கு எத்தனை நாள் அவகாசம் போதும்?